விதையிலிருந்து பைன்: ஒரு பால்கனி நாட்குறிப்பு

2023 நவம்பர் 19, ஞாயிறு

இன்று இங்கே ஜப்பானில் சிகாசாகி கடற்கரைக்குப் போய் வந்தோம். மணல் பறந்து ஊருக்குள் வராமலிருக்க கரை நெடுகப் பைன் நட்டு வளர்த்திருக்கிறார்கள். எல்லாம் குரோமாட்சு, அதாவது கரும்பைன். உப்புக் காற்றைத் தாங்கும் மரம். காற்றில் முறிந்த ஒரு கிளை நடைபாதையில் கிடந்தது. அதில் இன்னும் திறக்காத காய்கள் ஆறு இருந்தன. தரையில் உதிர்ந்து கிடக்கும் காய்களைப் பொறுக்கிப் பயனில்லை. அவை எப்போதோ வாய் திறந்து விதையைக் காற்றில் விட்டிருக்கும். மூடியபடியே பழுப்பேறிய காய்தான் வேண்டும்.

பைனில் மகரந்தம் சேர்ந்த காய் முற்றுவதற்கு அடுத்த வருட இலையுதிர்காலம் வரை ஆகும். 2022 வசந்தத்தில் பிடித்த காய்கள்தான் இப்போது என் பையில் இருக்கின்றன.

ஓமியா போன்சாய் கிராமம், அதாவது மரங்களைத் தொட்டியில் குட்டையாக வளர்ப்பவர்களின் குடியிருப்பு, எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் இருபது நிமிடம். அங்கே போய்ப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை இது. வளர்ந்த மரத்தை வாங்க மனம் வரவில்லை. முதல் வேரிலிருந்து கூட இருக்க வேண்டும்.

2023 டிசம்பர் 3, ஞாயிறு

ஹீட்டருக்குப் பக்கத்தில் தட்டில் வைத்திருந்த காய்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. இரவில் 'டக்' என்று சின்னச் சத்தம் கேட்கும். ஒவ்வொரு செதிலின் உட்புறத்திலும் இரண்டு விதைகள், ஆளுக்கொரு சிறகோடு. சிறகின் அடிப்பகுதி கவட்டை போலப் பிரிந்து விதையை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்திருக்கிறது. நகத்தால் லேசாக அழுத்தினால் விட்டுவிடும். பொடிப் பொடியாக, கறுப்பும் பழுப்பும் கலந்த விதைகள். மொத்தம் 41.

2023 டிசம்பர் 24, ஞாயிறு

விதைக் கடையில் கோயோமாட்சு விதை 20 வாங்கினேன். ஒரு கொத்துக்கு ஐந்து ஊசி இலை விடும் பைன். ரொம்ப மெதுவாக வளர்வது இதுதான். இதற்குக் குளிர்ச்சி அதிக நாள் வேண்டும் என்பதால் இன்றே ஈரப் பாசியில் சுற்றி, பையில் போட்டு, ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்துவிட்டேன். தொண்ணூறு நாள் கணக்கு. ஒரு குளிர்காலம் கடந்துவிட்டது என்று விதை நம்பினால்தான் முளைக்கத் துணியும்.

2024 ஜனவரி 21, ஞாயிறு

கரும்பைன் விதைகளை நேற்று தண்ணீரில் போட்டேன். ஊரில் நெல்விதையை உப்புத் தண்ணீரில் போட்டு மிதப்பதை ஒதுக்குவார்களே, அதே வேலைதான். இங்கே வெறும் தண்ணீர் போதும். ஒரு நாள் கழித்து 29 அடியில் தங்கின. மிதந்த 12 பதர். அடியில் தங்கியவை கோயோமாட்சு பைக்குப் பக்கத்தில். அறுபது நாள்.

2024 மார்ச் 23, சனி

விதைப்பு. பொடி அகடாமாவும் ஆற்று மணலும் சரிபாதி. அகடாமா என்பது இந்த வட்டாரத்தின் எரிமலை மண். உருண்டை உருண்டையாக இருக்கும், ஈரம் பிடிக்கும், ஆனால் சேறாகாது. நனைந்தால் நிறம் கறுத்து, காய்ந்தால் வெளுப்பதால் தண்ணீர் எப்போது ஊற்றுவது என்று மண்ணே காட்டிக்கொடுக்கும். விதையின் மேல் அதன் கனத்துக்கு இரண்டு பங்கு மண். அவ்வளவுதான்.

2024 ஏப்ரல் 14, ஞாயிறு

முளைத்துவிட்டன! கரும்பைன் 22. முதலில் தண்டு வளைந்து கொக்கி போல வெளியே வருகிறது. பிறகு நிமிர்கிறது. விதை ஓடு தலையில் தொப்பி மாதிரி ஒட்டிக்கொண்டே இருக்கிறது. அதற்குள் வித்திலைகள் நுனி கூடி நிற்கின்றன. ஓடு விழுந்ததும் குடைபோல விரிகின்றன. அவரையில் இரண்டு வித்திலை பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரு நாற்றில் ஆறு, ஏழு, ஒன்றில் எட்டு வரை எண்ணுவது ஆச்சரியமாக இருக்கிறது.

அந்தத் தொப்பிதான் பறவைக்கும் கண்ணில் படுகிறது. காலையில் பார்த்தால் இரண்டு நாற்றுகள் தலையில்லாமல் நின்றன. வலை வாங்கிக் கட்டினேன். மிச்சம் 20. கோயோமாட்சுவில் மூன்று மட்டும் எட்டிப் பார்க்கின்றன.

2024 ஏப்ரல் 21, ஞாயிறு

நேற்றுவரை நன்றாக நின்ற ஒரு நாற்று இன்று சாய்ந்து கிடந்தது. மதியத்துக்குள் இன்னும் இரண்டு. ஒரு கோயோமாட்சுவும் போயிற்று. படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். ஒட்டன்சத்திரம் பக்கம் தக்காளி, மிளகாய் நாற்றங்கால் போட்டே வளர்ந்த கை. உடனே கூப்பிட்டார்.

"தண்டு தரையை ஒட்டி நூலா இளைச்சிருக்கா பாப்பா?"

"ஆமாப்பா."

"அப்ப நாற்றழுகல்தான். விழுந்ததைப் பிடுங்கித் தூரப் போடு. தண்ணியைக் குறை. காத்து நல்லா உள்ள போகட்டும்."

பைன் மரத்தை அவர் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் மண்ணிலிருக்கும் பூஞ்சைக்குத் தக்காளியும் பைனும் ஒன்றுதான். நான் செய்த தப்பு மாலையில் தண்ணீர் ஊற்றியது. ராத்திரி முழுக்க மண் நசநசவென்று இருந்திருக்கிறது. பூஞ்சைக்கொல்லி கரைத்து ஊற்றி, தட்டைச் சுவரோரத்திலிருந்து காற்று வரும் இடத்துக்கு நகர்த்தினேன். இனி காலையில் மட்டும்தான் தண்ணீர். மிச்சம் 17.

2024 மே 5, ஞாயிறு

இதற்காகத்தான் இத்தனை நாளும். இன்று வேரை வெட்டினேன்.

போன்சாயில் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் வேர்கள் நாலா பக்கமும் பரந்து நிற்க வேண்டும். அதை நெபாரி என்கிறார்கள். விதையிலிருந்து வரும் பைன் அப்படி வளராது. ஒற்றை ஆணிவேரைக் கீழே இறக்கும். அது காட்டுக்குச் சரி, தட்டை மாதிரி இருக்கும் தொட்டிக்கு ஆகாது. அதனால் நாற்று இளசாக இருக்கும்போதே வேரை முழுசாக வெட்டி எடுத்துவிட்டு, தண்டை மட்டும் மண்ணில் நடுகிறார்கள். வெட்டுவாய் வட்டத்தைச் சுற்றிப் புது வேர்கள் வரும்.

இதற்குக் காலம் ரொம்பக் குறுகியது. தண்டு இன்னும் ஊதாச் சிவப்பாக இருக்க வேண்டும். வித்திலைகளுக்கு நடுவில் நிஜ இலை தலைகாட்டியிருக்க வேண்டும், நீண்டிருக்கக் கூடாது. முந்தினால் தண்டு துவண்டுவிடும். பிந்தினால் தண்டு முற்றி வேர் விடாது. பத்து நாள் கிடைத்தால் அதிகம். பைன் மெதுவான மரம், அவசரமே இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாதக்கணக்கில் ஒன்றும் கேட்காது. பிறகு திடீரென்று இந்த வாரம் வா என்கிறது. அந்த வாரத்தில் நாம் இருக்க வேண்டும். ஜப்பானில் இது தொடர் விடுமுறை வாரம். கணவரும் மகளும் நிக்கோ போனார்கள், நான் போகவில்லை.

புது பிளேடு. வித்திலைக்கு ஒன்றரைச் செ.மீ. கீழே ஒரே இழுப்பு. நசுங்காமல், வழுவழுப்பாக வெட்டுப்பட வேண்டும். வெட்டிய துண்டு தீக்குச்சியைவிடச் சன்னம். விரல் நடுவில் வைத்தால் கனமே தெரியவில்லை. வெட்டுவாயில் பைன் பிசின் வாசனை, அந்த அளவிலேயே. நுனியைத் தண்ணீரில் தொட்டு வேர் ஊக்கிப் பொடியில் தோய்த்து, குச்சியால் துளை போட்டு இறக்கினேன். துளை போடாமல் குத்தினால் பொடி மேலேயே வழிந்து நின்றுவிடும்.

13 வெட்டினேன். ஒப்பிட்டுப் பார்க்க 4 வெட்டாமல் விட்டேன். இரண்டு கோயோமாட்சுவையும் தொடவில்லை, அதற்குத் தைரியம் வரவில்லை.

2024 ஜூன் 23, ஞாயிறு

மழைக்காலம் பிடித்துவிட்டது. ஏழு வாரம் நிழலில் மூடி வைத்திருந்ததில் 13-ல் 9 பிழைத்திருக்கின்றன. பிடுங்கிப் பார்க்கவில்லை. நடுவில் புது ஊசிகள் நீள ஆரம்பித்தால் கீழே வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். போன நான்கும் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகிப் போயின.

2024 ஆகஸ்ட் 25, ஞாயிறு

ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தேன். எதிர்வீட்டுப் பெரியவர் தினமும் வந்து தண்ணீர் ஊற்றியிருக்கிறார். ஒன்று மட்டும் காய்ந்திருந்தது. அதற்காக அவர் மூன்று முறை குனிந்து மன்னிப்புக் கேட்டார், எனக்குச் சங்கடமாகிவிட்டது. 35 டிகிரி வெயிலில் எட்டைக் காப்பாற்றியவர். தண்ணீர் ஊற்றக் கற்க மூன்று வருடம் என்று இங்கே பழமொழி இருப்பதாக அவர்தான் சொன்னார்.

2024 டிசம்பர் 22, ஞாயிறு

எல்லா நாற்றும் ஊதா நிறமாகிவிட்டன. முதலில் பயந்தேன். இளம் பைனுக்குக் குளிரில் இது இயல்பு. வசந்தத்தில் பச்சை திரும்பிவிடும். உயரம் 6 செ.மீ. அளவு. கோயோமாட்சு இரண்டில் ஒன்று நவம்பரில் போய்விட்டது. மற்றது 3 செ.மீ.கூட இல்லை.

2025 மார்ச் 16, ஞாயிறு

தொட்டி மாற்றினேன். பத்து மாதமாகப் பார்க்க ஏங்கியது இன்று கையில்.

வெட்டாமல் விட்ட நாற்றை எடுத்தேன். ஒரே ஆணிவேர், தொட்டியின் அடியைத் தொட்டு, இரண்டு சுற்றுச் சுற்றிக் கிடந்தது. தண்டின் அடியில் பக்கவேர் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. அடுத்து, வெட்டிய நாற்று. மண்ணை மூங்கில் குச்சியால் மெல்ல உதிர்த்தேன். ஒரே மட்டத்திலிருந்து ஆறு வேர்கள், கிட்டத்தட்ட ஒரே பருமனில், சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் எண்ணிப் பார்த்தாள்.

எட்டில் ஐந்து இப்படி அழகாக வந்திருக்கின்றன. இரண்டில் ஒரு பக்கம் மட்டும் வேர். ஒன்றில் மூன்றே வேர். கீழ்நோக்கிப் போவதை வெட்டி, மற்றதை விரித்து வைத்து நட்டேன்.

வேர் நுனிகளில் வெள்ளையாகப் பஞ்சு போல ஒன்று படர்ந்திருந்தது. காளான் வாசனை. இது நோய் இல்லை, பைனுக்கு உறவான பூஞ்சை. வேர் எட்டாத இடத்திலிருந்தும் நீரும் சத்தும் கொண்டுவந்து கொடுத்து, பதிலுக்கு மரத்திடம் சர்க்கரை வாங்கிக்கொள்கிறது. அதனால் பழைய மண்ணை முழுசாகக் கழுவிவிடாமல், ஒரு கைப்பிடி புது மண்ணில் கலந்தேன்.

2025 ஏப்ரல் 20, ஞாயிறு

தூக்கிப் போட மனமில்லாமல் மூலையில் வைத்திருந்த கோயோமாட்சு விதைத் தட்டில் ஒரு கொக்கி! போன வருடம் விதைத்தது, இரண்டாவது குளிர்காலத்தையும் கடந்து இப்போது வருகிறது.

2025 மே 4, ஞாயிறு

ஓமியாவில் போன்சாய் திருவிழா. கிராமத்துக்கு இது 100-ஆவது வருடம். 1923 பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு தோக்கியோவிலிருந்து போன்சாய்க்காரர்கள் நல்ல மண்ணும் தண்ணீரும் தேடி வந்து 1925-இல் அமைத்த குடியிருப்பு. குடியேற வருபவர்களுக்கு அப்போது போட்ட விதிகள் எனக்குப் பிடிக்கும்: குறைந்தது பத்து போன்சாய் வைத்திருக்க வேண்டும், வருகிறவர்களுக்கு வாசலைத் திறந்து வைக்க வேண்டும், மாடி கட்டக் கூடாது, சுவருக்குப் பதில் உயிர்வேலி.

கோயோமாட்சு வரிசையில் ரொம்ப நேரம் நின்றேன். பெரும்பாலானவை கரும்பைன் அடியில் ஒட்டுக் கட்டியவை. கொஞ்சம் குனிந்தால் தெரியும்: கீழே கரடுமுரடான கறுத்த பட்டை, ஒட்டுக்கு மேலே வழுவழுவென்று சாம்பல் நிறம். ஒட்டுச் செடி வேகமாகத் தேறும் என்பது உண்மைதான். ஆனாலும் அடி முதல் நுனி வரை ஒரே பட்டையாக இருக்கும் மரத்தைத்தான் என் கண் தேடுகிறது. வீட்டில் இரண்டு இருக்கின்றனவே.

வாஷிங்டனில் இருக்கும் ஒரு கோயோமாட்சு நினைவுக்கு வந்தது. 1625 முதல் தொட்டியில் வளர்வது. ஹிரோஷிமாவில் யமாகி குடும்பத்தின் தோட்டத்தில், குண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 3 கி.மீ. தூரத்தில், 1945 ஆகஸ்ட் 6 அன்று மதிலுக்குப் பின்னால் நின்று பிழைத்தது. 1976-இல் அமெரிக்காவுக்குப் பரிசாக அனுப்பப்பட்டது. அது அணுகுண்டுக்குத் தப்பிய மரம் என்பது 2001-இல் யமாகியின் பேரர்கள் அங்கே போய்ச் சொன்னபோதுதான் அங்கிருந்தவர்களுக்குத் தெரிந்தது. எத்தனை தலைமுறை தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கும்!

2025 நவம்பர் 9, ஞாயிறு

கம்பி கட்டும் நாள். இந்த வருடம் ஊசிகள் இரண்டிரண்டாக, பெரிய மரத்தைப் போலவே வர ஆரம்பித்துவிட்டன. உயரம் 14 செ.மீ., தண்டு 4 மி.மீ. இன்னும் ஒரு வருடம் விட்டால் அடித்தண்டு முற்றிவிடும். வளைவு மண்ணை ஒட்டித் தொடங்கினால்தான் பிற்காலத்தில் சின்ன மரத்திலும் வயது தெரியும்.

2 மி.மீ. அலுமினியக் கம்பி. ஒரு முனையை வேருக்குப் பக்கத்தில் மண்ணில் இறக்கி, தண்டைச் சாய்வாகச் சுற்றி மேலே கொண்டுபோனேன். பிறகு இரண்டு கட்டைவிரலும் தண்டின் முதுகில், மற்ற விரல்கள் முன்னால். மெதுவாக அழுத்தினால் தண்டு முதலில் எதிர்க்கிறது, பிறகு விட்டுக்கொடுக்கிறது. அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். மூன்றாவது நாற்றில் 'நற்' என்று கேட்டது, உயிர் போய் வந்தது. பட்டையில் மெல்லிய கீறல் மட்டும்தான், நார் அறவில்லை. பசை பூசினேன்.

எட்டுக்கும் எட்டு வளைவு, ஒன்று போல இன்னொன்று இல்லை. வெட்டாத நான்கையும் கட்டினேன், கை பழக. இரண்டு கோயோமாட்சுவையும் தொடவில்லை. மூத்தது இப்போது 4 செ.மீ.

வரும் மே மாதத்திலிருந்து வாரம் ஒருமுறை கம்பி தண்டில் பதிகிறதா என்று பார்க்க வேண்டும். மார்ச்சில் சல்லடைக்கு மாற்றம். வேர்நுனி வலையைத் தொட்டுக் காற்றில் காய்ந்தால் உள்ளே கிளைக்கும். நூறு யென் கடையில் பிளாஸ்டிக் சல்லடை பன்னிரண்டு வாங்கி அலமாரியின் மேல் அடுக்கிவிட்டேன்.