பாலாற்று மணலில் பெர்மிட் மீனுக்குப் பயிற்சி

வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் ஃப்ளை ராட் (நூலும் இறகும் கட்டிய பொய் இரையை, அதாவது ஃப்ளையை, வீசுகிற தூண்டில் கம்பு) வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் யாராவது செஷல்ஸுக்கோ மெக்சிகோவுக்கோ பெர்மிட் என்கிற கடல் மீனைப் பிடிக்கக் கிளம்புவதாக இருந்தால் இந்தப் பதிவு அவர்களுக்குத்தான். அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று போனால் காசுதான் கரையும். முழங்கால் முதல் இடுப்பு வரை தண்ணீர் நிற்கும் மணல் திட்டில் ஒரு பெர்மிட் கண்ணில் பட்டு மறைவதற்குள் பெரும்பாலும் நாலைந்து வினாடிதான் கிடைக்கும். அதற்குள் ஃப்ளை காற்றை மீறிச் சரியான இடத்தில் விழ வேண்டும், விழுந்ததும் சரியான வேகத்தில் அடிக்கு இறங்க வேண்டும். இந்த இரண்டையும் கடலே இல்லாத நம்ம ஊரில் பாலாற்று மணலையும் ஒரு பிளாஸ்டிக் டிரம்மையும் வைத்துத் தயார் செய்துவிடலாம்.

மீனைப் பற்றிச் சுருக்கமாக. பெர்மிட் நம்ம பாரை மீன் குடும்பம். புளோரிடா கீஸ், பெலீஸ், கியூபா, மெக்சிகோவின் அசென்ஷன் பே பக்கம் கிடைப்பது ட்ரக்கினோட்டஸ் ஃபால்கேட்டஸ். செஷல்ஸில் அல்போன்ஸ், காஸ்மலீடோ, ஃபார்குவார் தீவுகளில் கிடைப்பது ட்ரக்கினோட்டஸ் ப்ளோச்சி, உடம்பில் மஞ்சள் தூக்கலாக இருக்கும். இரண்டாவது நம் கடலிலும் உண்டு. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் 2011-ல் அதைத் தொட்டியில் முட்டையிட வைத்தது. சில்வர் பாம்பனோ என்று பண்ணைகளில் வளர்ப்பது இதைத்தான். பண்ணைக் குட்டையில் தீவனத்துக்குப் பாய்ந்து வரும் அதே மீன், திட்டில் ஃப்ளையை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். சாப்பாடு நண்டு, இறால், சிப்பி, கடல் முள்ளெலி. ஓட்டைத் தொண்டைத் தட்டுகளால் நொறுக்கித் தின்னும். கண் பெரியது, பார்வை கூர்மை, இரையைக் கிட்டே வந்து ஆராய்கிற பழக்கமும் உண்டு. அதனால்தான் ஃப்ளையில் சின்னக் கோளாறு இருந்தாலும் மாட்டாது.

இனி ஃப்ளை. டெல் பிரவுன் என்ற அமெரிக்கர் ஃப்ளையிலேயே 500-க்கும் மேற்பட்ட பெர்மிட்டைப் பிடித்தவர். அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட மெர்க்கின் நண்டுதான் இன்றைக்கும் பால பாடம். அதற்கு வேண்டியதில் பாதி லாங் பஜாரில் கிடைக்கும். ஸ்வெட்டர் பின்னுகிற அக்ரிலிக் நூல்: மணல் நிறம் ஒன்று, காப்பி நிறம் ஒன்று. கம்பளி வேண்டாம், தண்ணீரை உறிஞ்சி வீச்சில் கனக்கும். சேவல் கழுத்து இறகு கறிக்கடையில் கேட்டால் கொடுப்பார்கள். சோப்பு நீரில் அலசி, நிழலில் காயவைத்து, அந்துருண்டையோடு டப்பாவில் போட வேண்டும். தூண்டில் முள் மட்டும் உப்புத் தண்ணீருக்கென்று செய்தது, 2 முதல் 1/0 அளவு, வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். இதில் சிக்கனம் கூடாது. ஏரியில் ஜிலேபி பிடிக்கிற முள் பெர்மிட் வாயில் நிமிர்ந்துவிடும்.

முள்ளின் காதுக்கு (நூல் கோக்கிற வளையம்) பின்னால் 4 மி.மீ. விட்டு, தண்டின் மேல்பக்கம் டம்பெல் வடிவ ஈயக் கண்ணை எட்டு வடிவச் சுற்றில் இறுக்குங்கள். கனம் மேல்பக்கம் இருப்பதால் தண்ணீரில் ஃப்ளை தலைகீழாகப் புரண்டு, முள்முனை வானம் பார்த்து நிற்கும். தரையில் சிக்காது. வால் பக்கம் கொஞ்சம் மினுக்கு இழை, அதன் இருபுறமும் வெளிநோக்கி விரிகிற மாதிரி இரண்டிரண்டு இறகு நுனி. நண்டின் கொடுக்கு இதுதான். பிறகு 3 செ.மீ. நூல் துண்டுகளை மணல் நிறம், காப்பி நிறம் என்று மாற்றி மாற்றி, தண்டுக்குக் குறுக்கே வைத்து எட்டுச் சுற்றால் கட்டிக்கொண்டே கண் வரை வர வேண்டும். ஆறு முதல் எட்டு துண்டு போதும். இடையிடையே மூன்று ரப்பர் கால். கட்டுநூல் பளிச்சென்ற பச்சை மஞ்சளில் இருப்பது மெர்க்கினின் வழக்கம். கடைசியில் சீப்பால் நூலைப் பிரித்துவிட்டு, கூர்மையான கத்தரியால் வட்டமாக நறுக்கினால் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய, தட்டையான நண்டு கிடைக்கும்.

கெடுவது பெரும்பாலும் அந்த நறுக்கலில்தான். ஒரு பக்கம் கூடுதலாக நின்றால் வீச்சில் ஃப்ளை பம்பரமாகச் சுற்றி லீடரை (லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவில் வரும் தங்கூஸ்) முறுக்கும். நூலை நெருக்கிக் கட்டினால் பஞ்சு உருண்டை மாதிரி மிதந்து மிதந்து இறங்கும், பெர்மிட்டுக்கு அது நண்டே இல்லை. காலுக்குச் சாதாரண ரப்பர் பேண்டை வெட்டிப் போடுபவர்கள் உண்டு. நம்ம ஊர் வெயிலில் இரண்டே மாதத்தில் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிவிடும். சிலிக்கான் கால் வாங்கி, முகப் பவுடர் தூவி வையுங்கள்.

செஷல்ஸுக்குப் போகிறவர்கள் அல்ஃப்ளெக்ஸோ நண்டையும் கட்டிக்கொள்ள வேண்டும். உடம்புக்கு நூல் கிடையாது. கேபிள்களைச் சேர்த்து மூடுகிற வலைப்பின்னல் ஸ்லீவ் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் மீட்டர் கணக்கில் விற்பார்கள், அந்த ரகம்தான். அதைத் தட்டையாக்கிக் கட்டினால் தண்ணீர் ஊடே போய்விடும், சட்டென்று இறங்கும், காற்றிலும் குறைவாகவே தடுக்கும். ஸ்லீவை வெட்டிய முனையை லைட்டரால் லேசாகச் சுடாவிட்டால் பிரிந்துகொண்டே போகும்.

இறங்கும் வேகத்துக்குத்தான் டிரம். ஈயக் கண் 3.2 மி.மீ. என்றால் சுமார் 0.57 கிராம், 4 மி.மீ. 0.79 கிராம், 4.8 மி.மீ. 1.18 கிராம். ஒரே நண்டை மூன்று கனத்திலும் கட்ட வேண்டும். குளியலறைச் சங்கிலி மாதிரி இருக்கும் எஃகு மணிச் சங்கிலியில் இரண்டு மணி வெட்டினால் இன்னும் லேசான நான்காவது ரகம். 40 லிட்டர் தண்ணீரில் 1.4 கிலோ கல்லுப்பு கரைத்தால் கடல் நீரின் அடர்த்தி வந்துவிடும். ஃப்ளையை முதலில் நனைத்துப் பிழிந்துவிட்டு, 60 செ.மீ. ஆழத்துக்கு எத்தனை வினாடி என்று போன் ஸ்டாப்வாட்சில் பாருங்கள். உலர்ந்த ஃப்ளையை அளந்தால் கணக்கு பொய் சொல்லும், நூலுக்குள் காற்று நிற்கும். முழங்கால் தண்ணீருக்கு இரண்டு வினாடிக்குள் அடியைத் தொட வேண்டும் என்பது என் அளவுகோல். பத்து முறை போட்டால் ஒன்பது முறையாவது முள்முனை மேலே பார்த்து விழ வேண்டும். விழாவிட்டால் அடிப்பக்க நூலை இன்னும் ஒட்ட வெட்டுங்கள். டப்பாவில் ஒவ்வொரு வரிசைக்கும் வினாடியை எழுதி ஒட்டிவிட்டால், திட்டில் வழிகாட்டி “இன்னும் கனமா” என்று கேட்கும்போது தடுமாற வேண்டாம். நிறம் தரையைப் பார்த்து: வெள்ளை மணலுக்கு வெளிர், கடற்புல்லுக்கு ஆலிவ். புல் தரை என்றால் 25 பவுண்டு தங்கூஸில் முள்ளில் புல் சிக்காமல் இருக்க ஒரு களைத்தடுப்பும் வேண்டும்.

ராட் 9 அடி, 9 எண் (அது வீசுகிற லைனின் கனத்தைச் சொல்லும் எண்). காற்று அதிகமுள்ள இடத்துக்கு 10. ரீலில் லைனுக்குப் பின்னால் இருப்பு நூலாக 30 பவுண்டு பேக்கிங் 200 மீட்டர். லைனில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். குளிர்நாட்டு ட்ரௌட் லைனை அக்னி நட்சத்திர வெயிலில் ஒரு மதியம் வீசிப் பார்த்தால் போதும், தளர்ந்து தொய்ந்து வளையங்களில் ஒட்டிக்கொண்டு முன்னே ஓடவே ஓடாது. வெப்பக் கடலுக்கென்று விறைப்பான உள்நூல் போட்ட லைன் தனி. அது மார்கழிக் காலையில் சுருள் சுருளாக நிற்கும். வீசுவதற்கு முன் இரண்டு கையாலும் ஒவ்வொரு முழமாக இழுத்துவிட வேண்டும். லீடர் 12 அடி: 50 பவுண்டு 150 செ.மீ., 40 பவுண்டு 75, 30 பவுண்டு 45, முனையில் 20 பவுண்டு ஃப்ளூரோகார்பன் 90. முடிச்சை எச்சில் தொட்டு நனைத்த பிறகே இறுக்குங்கள். உலர்வாக இறுக்கினால் உரசல் சூட்டில் தங்கூஸ் பலம் இழந்துவிடும், பார்வைக்குத் தெரியாது. ஃப்ளையை இறுகாத கண்ணி முடிச்சில் கட்டினால் நேராக விழுந்து இறங்கும்.

வீச்சுப் பயிற்சிக்குப் பாலாற்றை விட நல்ல மைதானம் கிடையாது. பின்னால் மரம் இல்லை, பகல் ஏற ஏறக் காற்றும் தடையில்லாமல் வீசும். மணல் லைனின் மேற்பூச்சை அரத்தால் தேய்ப்பதுபோலத் தேய்க்கும், ஆகவே காலடியில் ஒரு தார்ப்பாய் விரியுங்கள். படகின் முன்தளமும் அந்த அளவுதான், அதில் லைனை மிதிக்காமல் நிற்பதே ஒரு பயிற்சி. மேலே மின்கம்பி போகிற இடத்தில் மட்டும் வேண்டவே வேண்டாம். ராட் கார்பன், கரண்டைக் கடத்தும். மாலையில் இடி முழங்கினாலும் ராட்டைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்குங்கள். கோட்டை அகழிப் பக்கம் போக வேண்டாம், அது தொல்லியல் துறை இடம்.

பயிற்சி ஃப்ளையின் முள்ளைக் கட்டிங் பிளேயரால் வளைவிலேயே வெட்டிவிடுங்கள், ஈயக் கண் அப்படியே இருக்கட்டும். நூல் துண்டை மட்டும் கட்டிப் பயிற்சி எடுத்தவர் கனமான நண்டைப் போட்டதும் முதல் வீச்சிலேயே முதுகில் வாங்கிக்கொள்வார். கனத்துக்கு ஏற்ப லைன் காற்றில் போடும் வளைவை அகலமாக்கி, பின்வீச்சு முழுதாக நீளும்வரை பொறுக்க வேண்டும். வேகம் லைனை இழுக்கும் இடதுகையிலிருந்து வர வேண்டும், தோளிலிருந்து வரக் கூடாது.

பழைய சைக்கிள் டயர் நான்கு எடுத்து, நீங்கள் நிற்கும் இடத்தை கடிகாரத்தின் நடு என்று வைத்து, 9, 11, 1, 3 மணி திசைகளில் 10, 13, 16, 19 மீட்டரில் போடுங்கள். கூட வந்தவர் “மச்சான், ஒரு மணி, அம்பது அடி” என்று சத்தம் போட, அந்தக் கணம் ராட் நுனியால் திசையைக் காட்டிவிட்டு, இரண்டே பொய்வீச்சில் (ஃப்ளையைக் கீழே விடாமல் காற்றிலேயே முன்னும் பின்னும் வீசுவது) டயருக்குள் போட வேண்டும். அடிக் கணக்கில் பழகுவது நல்லது, வழிகாட்டிகள் அப்படித்தான் சொல்வார்கள். 50 அடி என்பது 15 மீட்டர். தொடங்கும் நிலை: லீடரும் 5 மீட்டர் லைனும் ராட் நுனிக்கு வெளியே, ஃப்ளை இடதுகை விரல்களுக்கிடையில் வளைவில் பிடித்தபடி, மிச்ச லைன் காலடியில். ரீலிலிருந்து உருவிய லைன் தலைகீழ் வரிசையில் கிடக்கும், அப்படியே வீசினால் சிக்கும். ஒருமுறை முழுக்க வீசி, இழுத்துத் திரும்பப் போட்டால் முன் போக வேண்டியது மேலே வந்துவிடும். காற்று வலப்பக்கமிருந்து அடிக்கும்போது ஃப்ளை காதை உரசிப் போகும். முதுகைக் காட்டித் திரும்பி நின்று, பின்வீச்சிலேயே ஃப்ளையை விடப் பழகுங்கள். இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம், திட்டில் பாதி வாய்ப்பு அப்படித்தான் வரும். மணலில் குறி மட்டும்தான் பழகும். தண்ணீரின் பிடிப்பிலிருந்து லைனைக் கிளப்பப் பழக, காவேரிப்பாக்கம் ஏரி மாதிரி திறந்த கரைக்குப் போக வேண்டும்.

திட்டில், தலையைக் கீழே குத்தி வால் வெளியே தெரியும்படி மேய்கிற மீனுக்கு 30 முதல் 60 செ.மீ. பக்கத்தில் போடலாம், அதன் கவனம் மணலில் இருக்கும். நீந்திப் போகிறதற்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் முன்னால். திருக்கை மேல் ஒட்டிக்கொண்டு பெர்மிட் வந்தால் அதிர்ஷ்டம். திருக்கை மணலைக் கிளறி நண்டை வெளியேற்றும், பெர்மிட் அதைப் பொறுக்கும். திருக்கையின் விளிம்பை ஒட்டியே போட்டுவிடுங்கள்.

போட்டபின் பெரும்பாலும் சும்மா இருப்பதுதான் வேலை. பயந்த நண்டு அடிக்குப் பாய்ந்து மணலில் புதையும், அதனால் லைனின் தொய்வை மட்டும் எடுத்துவிட்டு இறங்க விடுங்கள். மீன் பார்க்கவில்லை என்றால் ஒரே ஒரு நீள இழுப்பு, திரும்ப இறங்க விடுதல். பின்னால் வருகிற மீனிடமிருந்து வேகவேகமாக இழுப்பது போன்ஃபிஷ் என்ற வேறொரு திட்டு மீனைப் பிடிக்கிற பழக்கம். அதைவிட மோசம், மீனுக்கு அப்பால் போட்டு அதை நோக்கியே இழுப்பது. தன்னைத் தின்ன வருகிறவனை நோக்கி எந்த நண்டும் ஓடாது.

வால் நடுங்கி, தலை சாய்ந்து, மீன் ஒரே இடத்தில் நின்றால் வாயில் எடுத்துவிட்டது. ராட்டைத் தூக்காதீர்கள், தூக்கினால் ஃப்ளை வாயிலிருந்து வழுக்கி மேலே வந்துவிடும். ராட் நுனி தண்ணீரைப் பார்க்க, இடதுகையால் நீளமாக ஒரே இழுப்பு. அந்த ரப்பர் போன்ற உதட்டில் முள் ஏற அது வேண்டும். முள் கூர் இருக்கிறதா என்று காலையிலேயே கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும், வழுக்கினால் அரம் போடுங்கள். மாட்டிய உடனே கண் மீனைப் பார்க்கத் துடிக்கும், காலடி லைனைப் பாருங்கள். இடதுகைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வளையத்துக்குள் அது ஓடட்டும். பட்டனிலோ ரீல் கைப்பிடியிலோ ஒரு சுற்று விழுந்தால் 20 பவுண்டும் நூல்போல அறும். டிராக்கை (ரீலின் பிரேக்) 2 கிலோ இழுவைக்கு மீன்தராசால் முன்பே வைத்துக்கொள்ளலாம்.

ஓதம் பார்க்க வீட்டுத் தினசரிக் காலண்டரே பாதி வேலை செய்யும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, அடுத்த ஓரிரு நாள் வரை பெரிய ஏற்றமும் வத்தலும் இருக்கும். செஷல்ஸில் ஓதம் ஏறும்போது மீன் ஆழத்திலிருந்து திட்டுக்கு மேலே வரும், நேரம் தவறினால் அன்று அவ்வளவுதான். கரீபியனில் ஏற்றமே அரை மீட்டருக்குள் என்பதால் அங்கே காற்றும் வெளிச்சமும்தான் தீர்மானிக்கும். செம்பு நிறப் போலரைஸ்டு கண்ணாடி, உள்விளிம்பு கறுப்பான தொப்பி. காலை ஒன்பதுக்கு முன் சூரியன் சாய்வாக இருப்பதால் கண்ணாடி போட்டாலும் தண்ணீர் வெள்ளித்தகடாகத்தான் தெரியும்.

பிடித்த மீனை வால் தண்டில் பிடிக்கலாம், அங்கே கெட்டியாகப் பிடி கிடைக்கும். முள்முனைக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கொக்கியைக் குறடால் முன்பே நசுக்கியிருந்தால் ஒரு திருகில் கழன்றுவிடும். படம் எடுக்க வேண்டுமென்றால் கேமரா தயாரான பிறகு தூக்கி, பத்து வினாடிக்குள் திரும்பத் தண்ணீருக்குள் வைத்து, தானாக வாலை உதறும்வரை பிடித்திருங்கள்.