ஒரு செமஸ்டர் கணக்கைத் தள்ளிப்போட்டதால் போன ஒரு வருஷம்

பிளஸ் டூவோடு நின்றுபோன படிப்பை 16 வருஷம் கழித்து கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் திரும்ப ஆரம்பித்தேன், கம்ப்யூட்டர் சயின்ஸில். பட்டப்படிப்பின் முதல் பாதியை இங்கே குறைந்த கட்டணத்தில் படித்துவிட்டு, மீதிக்குப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போகலாம். சேருவதுதான் பெரிய பாடு என்று நினைத்திருந்தேன். அது ஒன்றுமே இல்லை. நுழைவுத் தேர்வு கிடையாது. மாநிலத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் குடியிருப்பதற்குச் சான்றாக வாடகை ஒப்பந்தமும் வரி கட்டிய காகிதமும் காட்டினேன்; யூனிட்டுக்கு (பாடங்களை அளக்கும் கணக்கு அது) 46 டாலர் என்று கட்டணம் போட்டார்கள். வெளியாட்களுக்கு இது பல மடங்கு.

தப்பு செய்தது முதல் செமஸ்டரில். பயத்தில் கணக்குப் பாடமே எடுக்கவில்லை. ஆங்கிலம், வரலாறு, பைத்தான் என்ற நிரல் மொழி என்று சுகமாகப் போனது. அப்புறம்தான் கவுன்சிலர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார்: ப்ரீகால்குலஸ் என்ற அடிப்படைக் கணக்கு முடிக்காமல் கால்குலஸ் 1 கிடையாது, அது இல்லாமல் 2 கிடையாது, பிறகு லீனியர் அல்ஜீப்ரா. ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கிறது. நான் போக நினைத்த துறைக்கு யூ.சி. (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) பல்கலைக்கழகங்கள் ஆகஸ்ட், செப்டம்பர் சேர்க்கைக்குத்தான் ஆள் எடுக்கும். ஆக, நான் விட்டது ஒரு செமஸ்டர், போனது ஒரு வருஷம்.

பைத்தானும் வீண். எந்தக் கல்லூரிப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்கு ஈடு என்று காட்டும் 'அசிஸ்ட்' தளத்தைத் தாமதமாகத்தான் திறந்தேன். நான் குறி வைத்த துறை கேட்டது சி++ என்ற வேறொரு நிரல் மொழி.

அந்த சி++ டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் வகுப்புதான் என்னைப் பிழிந்தது. லிங்க்ட் லிஸ்ட் என்றால் ஒவ்வொரு கணுவும் அடுத்ததன் முகவரியை வைத்திருக்கும் சங்கிலி. அதில் ஒரு கணுவை அழிக்கும் நிரல்; ஓட்டினால் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' (தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டதற்கான பிழை) என்று ஒரே வரி, எங்கே தப்பு என்று சொல்லாது. இரண்டு ராத்திரி போனது. மூன்றாம் நாள் டியூட்டரிங் சென்டரில் என் வயதில் பாதிகூட இல்லாத பையன் ஒருவன் கீபோர்டைத் தொடவே இல்லை. காகிதத்தில் நாலு பெட்டி, நடுவே அம்புக்குறிகள். "இந்தப் பெட்டியை அழித்துவிட்டீர்கள். அடுத்த பெட்டியின் முகவரி எங்கே இருந்தது?" என்றான். அழித்த பெட்டிக்குள்ளேதான் இருந்தது. அதை முதலில் வேறொரு பாயிண்டரில், அதாவது முகவரியை வைத்திருக்கும் மாறியில், எடுத்து வைக்க ஒரு வரி, அவ்வளவுதான். அன்றிலிருந்து காகிதம் இல்லாமல் நான் நிரல் எழுத உட்காருவதில்லை.

பல்கலைக்கழகத்துக்கு மாறத் தேவையான 60 யூனிட் நிறையும் நேரத்தில் விண்ணப்பம். ஆறு யூ.சி. வளாகங்களில் 'டேக்' என்ற உத்தரவாத இடம் உண்டு. செப்டம்பருக்குள் கேட்க வேண்டும், ஆனால் எல்லாத் துறைக்கும் கிடையாது. நான் கேட்ட துறைக்கு இல்லை. சரி என்று நவம்பர் 30 கெடுவுக்குள் பொது விண்ணப்பத்தையே நாலு வளாகங்களுக்குப் போட்டேன். ஒன்றில் கிடைத்தது, அதுவும் கடைசி செமஸ்டர் லீனியர் அல்ஜீப்ராவில் தேறினால்தான் என்ற நிபந்தனையோடு.

மதிப்பெண் வந்த இரவே பல்கலைக்கழகத்துக்கு மதிப்பெண் சான்றிதழை அனுப்பச் சொல்லிப் பணம் கட்டினேன். ஜூலை 1 கெடு. ஜூன் நடுவிலேயே போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பல்கலைக்கழகத் தளம் காட்டியது. அப்படியும் இரண்டு நாளுக்கு ஒருமுறை அதைத் திறந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.