நடைச்சீட்டு

எங்கள் கிறிஸ்தவ சபையில், விளைச்சலைக் காணிக்கையாக வைக்கும் அறுப்பின் பண்டிகையின் ஏலம் என்றால் காப்பிக்கொட்டைக்குத்தான் போட்டி. ஏற்காட்டில் காப்பி ஒன்றும் அதிசயம் இல்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்டதிலிருந்து மலை முழுக்க அதுதான். ஆனாலும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் காணிக்கையாக வைத்த கொட்டையை விலையேற்றி வாங்குவதில் ஒரு சந்தோஷம்.

போன வருடம் ஏலம் முடிந்து பெஞ்சுகளை உள்ளே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு கிலோ மிளகை எடுத்த பெரியவர் பக்கத்தில் வந்தார்.

"என்னைத் தெரியுதுங்களா?"

தெரியவில்லை. பெயரைச் சொன்னார். தெரிந்துவிட்டது.

போதகர் ஆவதற்கு முன்பு சேலத்தில் 16 வருடம் நிருபராக இருந்தேன். 2009 கோடையில் ஓமலூர் பக்கம் ஏரி மண் லாரி லாரியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நடை மண் எடுத்துப்போக லாரிக்கு ஒரு நடைச்சீட்டு உண்டு. அதில் தேதி, நேரம், வண்டி எண் எல்லாம் இருக்கும். ஆனால் ஒரே சீட்டில் மூன்று நடை அடிக்கிறார்கள் என்று ஒரு டிரைவர் சொன்னார். ஆறு இரவு சாலையோர டீக்கடையில் உட்கார்ந்து வண்டி எண்களைப் பென்சிலால் குறித்தேன். அப்புறம் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் நடைச்சீட்டு நகல்களைக் கேட்டு மனுப் போட்டேன். 30 நாளில் பதில் தர வேண்டும் என்கிறது சட்டம். எனக்கு முதல் மேல்முறையீட்டுக்குப் பிறகுதான் கட்டு வந்து சேர்ந்தது. என் நோட்டையும் அந்தக் கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது கணக்கு தானாகவே பேசியது.

செய்தி முதல் பக்கத்தில் வந்தது. சீட்டில் முத்திரை குத்திய கிளார்க் சஸ்பெண்ட் ஆனார். மண் அள்ளியவர் இரண்டு மாதம் பொறுத்திருந்து வேறு ஏரிக்குப் போனார். நான் அந்த ஏரிக்குப் போகவில்லை. கைக்கு எட்டியவரோடு என் செய்தி நின்றுவிட்டது. அதுதான் இன்றைக்கும் எனக்கு உறுத்தல். கிளார்க்கைப் பற்றி எழுதியது அல்ல. அதை இப்போதும் எழுதுவேன்.

பத்திரிகையை ஏன் விட்டீர்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அழைப்பு என்றால் பத்திரிகைக்காரர்கள் சிரிக்கிறார்கள். நாலு மாதச் சம்பளம் பாக்கி என்றால் சபையார் முகம் சுளிக்கிறார்கள். இரண்டும் உண்மைதான். நாற்பது வயதுக்கு மேல், மகன் வயதுப் பையன்களோடு உட்கார்ந்து இறையியல் படித்தேன்.

பழைய தொழில் லேசில் விடாது. சொல்ல வேண்டியதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவதால் என் பிரசங்கம் 12 நிமிடத்தில் முடிந்துவிடும். "ஐயா, இதுக்கா மலையேறி வந்தோம்" என்று ஒரு பாட்டி கேட்டே விட்டார். ஏலப் பணத்தின் வரவு செலவை வாசல் பலகையில் ஒட்டியதற்கு, "இது பத்திரிகை ஆபீஸ் இல்லைங்க" என்றார் கமிட்டியில் ஒருவர். இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். துக்க வீட்டில் யாராவது மனம் விட்டுப் பேச ஆரம்பித்தால் மட்டும் கை தானாகச் சட்டைப் பையில் பேனாவைத் தேடுகிறது. அன்றைக்குக் கேட்டதையெல்லாம் வெளியே சொல்வது வேலை. இன்றைக்குக் கேட்டதை வெளியே விடாமல் இருப்பது வேலை. இந்தப் பழக்கம் வர எனக்குப் படிப்பை விட அதிக நாள் ஆனது.

சுவிசேஷம் எழுதிய நால்வரில் எனக்கு லூக்காதான் நெருக்கம். எல்லாவற்றையும் ஆதிமுதல் திட்டமாய் விசாரித்தறிந்து எழுதுகிறேன் என்று தெயோப்பிலு என்பவருக்குச் சொல்லிவிட்டுத்தான் அவர் ஆரம்பிக்கிறார். அதைப் படிக்கும்போதெல்லாம், நானும் அந்த ஜாதிதான் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை.

பெரியவரிடம் வருகிறேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். மிளகுப் பையைக் கை மாற்றிக்கொண்டு, "நீங்க எழுதினது சரிதானுங்க" என்றார். "முத்திரை குத்தினது நான்தான். ஆனா என் இனிஷியல் பொ. நீங்க பெ.ன்னு போட்டுட்டீங்க. அதே ஆபீஸ்ல, அதே பேர்ல பெ. ஒருத்தர் இருந்தாருங்க. ஆபீஸ்ல பிரச்சினை இல்ல, ஃபைல்ல என் பேரு சரியா இருந்துச்சு. ஊருக்குள்ளதான் அவரைப் போட்டு வாட்டிட்டாங்க. பொண்ணு பார்க்க வந்தவங்க அப்படியே திரும்பிப் போயிட்டாங்க."

அன்று ராத்திரி டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய கட்டிங்கை எடுத்துப் பார்த்தேன். துணைக்கால் இல்லை. அச்சுக்கோப்பில் விழுந்த பிழையா என்று என் கையெழுத்துப் பிரதியையும் தேடினேன். அதிலும் இல்லை.

அந்த இன்னொருவர் இப்போது ஆத்தூரில் மகன் வீட்டில் இருப்பதாகக் கேள்வி என்றார் பெரியவர். செவ்வாய்க்கிழமை போன் செய்து தெருப் பெயரும் சொன்னார். புதன்கிழமை முதல் பஸ்ஸில் மலை இறங்கினேன். 20 கொண்டை ஊசி வளைவும் முடிந்து அடிவாரம் வந்தும், என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று முதல் வரி அமையவில்லை.