29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600

293318625600. ராமானுஜன் போட்ட பட்டியலில் விடுபட்டுப்போன எண் இது, எனக்கு ரொம்பப் பிடித்த எண்ணும் இதுதான்.

தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் இல்லாத அளவுக்குக் காரணிகள் கொண்ட எண்களை, 1915-இல் வெளியான கட்டுரை ஒன்றில் அவர் வரிசையாக எழுதிக்கொண்டு போகிறார்: 2, 4, 6, 12, 24, 36 என்று ஆரம்பித்து 6746328388800 வரை. நம்ம சென்னைத் துறைமுகத்தில் 1912-இல் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கெழுதிய மனிதர், கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் அவ்வளவு தூரம் போயிருக்கிறார். அதில் 240940299600-க்கும் 321253732800-க்கும் நடுவே வரவேண்டிய இந்த ஒன்று மட்டும் இல்லை.

பழைய வண்ணாரப்பேட்டையில் என்னிடம் டியூஷன் படிக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் காரணிப்படுத்தக் கொடுத்தேன். 2, 3, 5 எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும் என்பதால் நேரே 7-ல் ஆரம்பிக்கச் சொன்னேன். 41902660800 வந்தது, மீதி இல்லை. "அண்ணா, திரும்பவும் போகுது" என்று ஒரு பையன் கத்தினான், 5986094400. மூன்றாவது முறை போகவில்லை. எல்லாம் முடிந்தபோது போர்டில் இருந்தது: 2-ன் அடுக்கு 6, 3-ன் அடுக்கு 4, 5-க்கும் 7-க்கும் 2, அப்புறம் 11, 13, 17, 19 ஒவ்வொன்று. அடுக்குகளோடு ஒன்று கூட்டிப் பெருக்கினால் 7×5×3×3×2×2×2×2, அதாவது 5040 காரணிகள். அந்த 5040-மே ராமானுஜன் பட்டியலில் இருக்கிற எண்தான்!

முதல் நான்கு அடுக்குகளும் இரட்டைப்படை என்பதைக் கவனியுங்கள். அந்தப் பகுதி முழுசும் 2520-ன் வர்க்கம். 1 முதல் 10 வரை எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண்ணான அதே 2520. ஆக நம்ம எண், 2520 × 2520 × 46189.

1 முதல் 22 வரை எதனால் வேண்டுமானாலும் இதை வகுக்கலாம், 23-ல்தான் மாட்டும். பட்டியலில் அடுத்த எண் பிறப்பதும் அங்கேதான்: ஒரு 3-ஐயும் ஒரு 7-ஐயும் எடுத்துவிட்டு, அதாவது 21-ஐ எடுத்துவிட்டு, 23-ஐப் போட்டால் 321253732800. எண் பத்தில் ஒரு பங்குகூடக் கூடவில்லை, காரணிகளோ 5376 ஆகிவிட்டன. இவ்வளவு நெருக்கத்தில் ஒன்று கண்ணில் படாமல் போவது எனக்கு ஆச்சரியமாகத் தெரியவில்லை.

சரி, எதையும் எடுக்காமல் சும்மா 23-ஆல் பெருக்கினால்? ஏற்கெனவே உள்ள ஒவ்வொரு காரணிக்கும் 23 மடங்கில் ஒரு ஜோடி சேரும், 5040 இரட்டித்து 10080 ஆகும். பெருக்கிப் பாருங்கள். வருவது 6746328388800, ராமானுஜன் பட்டியலின் கடைசி எண்.