கூட்டாளிகள் உயிரியலுக்குப் போனபோது

சாதாரண தரப் பெறுபேறு வெளிவந்த அன்று மாலை, நாங்கள் ஆறு பேரும் திருகோணமலை டச்சுக்குடாக் கடற்கரையில் கூடியிருந்து, உயர்தரத்தில் எல்லோரும் உயிரியல் பிரிவையே எடுப்பது என்று முடிவு செய்தோம். எனக்கு வர்த்தகப் பிரிவுப் பாடமான கணக்கீட்டில்தான் விருப்பம் என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. தனித்துப்போய்விடுவேனோ என்று பயந்தேன்.

அடுத்த ஏழு வாரங்களும் பௌதிகவியல் வகுப்பில் பக்கத்தில் இருந்தவனின் கொப்பியைப் பார்த்தே எழுதினேன். ஒருநாள் இரவு, வர்த்தகம் படித்த அக்காவின் பழைய வினாத்தாளில், வரவுப் பக்கமும் செலவுப் பக்கமும் சமப்படுகின்றனவா என்று பார்க்கும் ‘பரீட்சை மீதி’ என்ற பட்டியல் ஒன்றைத் தயாரித்துப் பார்த்தபோது, இரு பக்கமும் 270 ரூபாயால் வேறுபட்டன. வித்தியாசம் ஒன்பதால் சரியாக வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கக்கூடும் என்று அக்கா முன்பு சொன்னது நினைவுக்கு வர, ஒவ்வொரு வரியாகத் தேடினேன்: 4,520 ஐ 4,250 என்று எழுதியிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. ஒரு பௌதிகவியல் கணக்குக்காக நான் அப்படி விழித்திருந்ததே இல்லை.

பிரிவைத் தெரிவு செய்யவிருக்கும் தம்பி தங்கைகளும் கூட்டாளிகள் இல்லாத ஒரு வேளையில் இரண்டு பிரிவுகளின் வினாத்தாள்களையும் எடுத்துவைத்து, எதை விட்டு எழும்ப மனம் வரவில்லை என்று பார்க்க வேண்டும். பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கேட்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

‘கெட்டிக்காரர் கொமர்ஸ் எடுப்பதில்லை’ என்ற பேச்சு என்னையும் உறுத்தியது. ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கப்படும் இசட் புள்ளி அந்தந்தப் பாடத்துக்குத் தோற்றியவர்களோடு ஒப்பிட்டே கணிக்கப்படுகிறது. பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் ஒதுக்கப்பட, மிகுதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்குரியது. திருகோணமலையும் அவற்றுள் ஒன்று. அப்படியானால், சேர்ந்தே ஒரு பிரிவுக்குள் நுழையும் ஆறு கூட்டாளிகளும் இதே மாவட்டத்தின் அதே இடங்களுக்காகத்தான் போட்டியிடுகிறார்கள். பரீட்சை மண்டபத்தில் அருகருகே இருந்தாலும் ஒருவனுக்காக மற்றவன் எழுத முடியாது.

எட்டாவது வாரத்தில், பாடசாலையின் அனுமதியுடன் வர்த்தகப் பிரிவுக்கு மாறினேன். கூட்டாளிகளிடம், “எனக்குக் கணக்கீடுதான்டா சரிவரும், நான் மாறுகிறேன்” என்று ஒரே தடவை சொன்னேன். அவர்களுடைய தெரிவைக் குறைசொல்லவில்லை, வாதாடவுமில்லை. ஒருவன் இரண்டு கிழமை என்னோடு பேசவில்லை. மற்ற நால்வரும் மறுநாளே, பின்னேரம் பந்தடிக்க வருகிறாயா என்று கேட்டார்கள்.