இறுதி_7

இரவு 11 மணி. ஆய்வகத்தில் ஒரு முனைவர் பட்ட மாணவி, முன்னால் மடிக்கணினி. கோப்பின் பெயர் 'அத்தியாயம்3_இறுதி_7'. கர்சர் ஒரே பத்தியில் துடிக்கிறது.

பக்கத்தில் நாளைய கருத்தரங்கின் விருந்தினர் பட்டியல். அதுவும் அவள் தலையில்தான்!

சோம்பல் என்பார்கள். இல்லை. தீராத சோர்வு, வேலைமேல் கசப்பு, 'என்னால் ஒன்றும் ஆகவில்லை' என்ற நினைப்பு. இந்த மூன்றையும்தான் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பர்ன் அவுட்டின், அதாவது வேலை அழுத்தத்தால் எரிந்துபோவதன், அடையாளமாகச் சொன்னது. அதை நோயாக அல்ல, வேலை சார்ந்த நிலையாக வகைப்படுத்தியது. அதனால்தான் இரண்டு நாள் தூங்கினாலும் திங்கட்கிழமை பழையபடி ஆகிவிடுகிறது.

உங்களுக்கும் இப்படி என்றால், முதலில் ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு), டிஎஸ்எச் (தைராய்டு). இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும் பெண்களிடம் அதிகம்; அச்சு அசலாக இதே சோர்வைக் காட்டும்.

பிறகு இரண்டு வாரம் நேரக் கணக்கு. ஆய்வுக்கு எத்தனை மணி, கூட்டக் குறிப்பு எழுத, ஜூனியர்களைத் தேற்ற எத்தனை மணி?

நெறியாளரிடம் "சோர்வா இருக்கு சார்" என்றால் "எல்லாருக்கும்தாம்மா" என்பார்.

"வாரத்துல 9 மணி நேரம் இதுக்கே போகுது, எதை விடட்டும்?" என்று கணக்கை நீட்டினால் பேச்சே வேறு.

பேசியதை அன்றே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். நெறியாளர்களுக்கு மறதி கொஞ்சம் ஜாஸ்தி.