யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு தேர்தல்கள்: விசாவில் இருப்பவர்களுக்கான நாட்குறிப்பு

20 செப்டம்பர் 2024, வெள்ளி

பிரசாரம் புதன் நள்ளிரவோடு ஓய்ந்துவிட்டது. நாளை சனாதிபதித் தேர்தல். இன்றைக்குள் முடிக்க வேண்டியவை: ஏடிஎம்மில் காசு, ஃபோனுக்கு ரீலோட், இரண்டு நாளுக்கு மரக்கறி, பாண். மதுக்கடைகள் நாளையும் மறுநாளும் பூட்டு. பாஸ்போர்ட் வீட்டில் இருக்கட்டும் என்று நினைக்க வேண்டாம். மறித்துக் கேட்டால் விசாப் பக்கத்தைக் காட்ட வேண்டும்.

களத்தில் 38 பேர். வேட்புமனுவுக்குப் பிறகு இறந்துபோன ஒருவரின் பெயரும் தாளில் நிற்பதால் 39 பெயர்கள். பொத்தான் அமுக்கிப் பழகிய தமிழ்நாட்டுக் கைக்கு இந்த நீளக் காகிதம் வேடிக்கைதான். ஒருவருக்கு மட்டும் புள்ளடி (X குறி) போடலாம். அல்லது 1, 2, 3 என்று விருப்பு வரிசை இடலாம். இரண்டு பேருக்குப் புள்ளடி விழுந்தால் வாக்கு செல்லாது.

21 செப்டம்பர், சனி

வாக்களிப்பு காலை 7 முதல் மாலை 4 வரை. வாக்களிப்பு நிலையத்துக்குள் நமக்கு வேலையில்லை. வெளிநாட்டவரில் உள்ளே போகலாம் என்றால் அது தேர்தல் ஆணைக்குழுவின் அனுமதி பெற்ற கண்காணிப்பாளர் மட்டும். வாசலில் நின்று ஃபோனைத் தூக்கினாலும் வம்பு.

இந்தியாவில் பெட்டி நாள்கணக்கில் காவலில் கிடக்கும். இங்கே அன்றிரவே எண்ணுகிறார்கள். பெட்டிகள் யாழ். மத்திய கல்லூரிக்குப் போகும். முதலில் வெளிவருவது தபால் மூல வாக்குகள். அரச ஊழியர் வாக்கு அது, அதை வைத்து நாட்டைக் கணிக்க வேண்டாம். இரவு 10 மணிக்கு ஊரடங்கு. வரலாறு நடக்கும் இரவு, நமக்கு வீட்டுக்குள்தான்.

22 செப்டம்பர், ஞாயிறு

ஊரடங்கு நண்பகல் வரை நீண்டது. யாரும் 50 சதவீதத்தைத் தாண்டவில்லை. இந்நாட்டில் முதன்முறையாக இரண்டாம் சுற்று எண்ணிக்கை. மக்கள் மறுபடி வாக்களிக்கப் போவதாகச் சிலர் குழம்புகிறார்கள், அப்படியில்லை. முதல் இருவரைத் தவிர மற்றவர்களின் தாள்களை மட்டும் மீண்டும் விரித்து, 2 அல்லது 3 அந்த இருவரில் யாருக்கு இருக்கிறது என்று பார்க்கிறார்கள். அநுர குமார திசாநாயக்கவுக்கு அப்படி 105,264, சஜித் பிரேமதாசவுக்கு 167,867. முடிவு மாறவில்லை: 5,740,179 எதிர் 4,530,902.

23 செப்டம்பர், திங்கள்

கொழும்பில் பதவியேற்பு, பொது விடுமுறை. கொழும்புத் தொலைக்காட்சியை மட்டும் பார்த்து ‘நாடே திரும்பிவிட்டது’ என்று ஊருக்கு எழுதுபவர்கள் யாழ். மாவட்டக் கணக்கைப் பார்க்கட்டும்: சஜித் 121,177, தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன், சங்குச் சின்னத்தில், 116,688, தோற்ற சனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 84,558, அநுர வெறும் 27,086. இதில் கிளிநொச்சியும் அடக்கம். நிர்வாகத்தில் அது தனி மாவட்டம், தேர்தலில் யாழோடு சேர்ந்தது. நிர்வாக மாவட்டத்தையும் தேர்தல் மாவட்டத்தையும் குழப்பிப் பிழைவிடுவது வழக்கமான தவறு.

14 நவம்பர், வியாழன்

பாராளுமன்றத் தேர்தல். நாளை போயா (பௌர்ணமி விடுமுறை), வங்கி பூட்டு. காசு நேற்றே எடுத்திருக்க வேண்டும். இம்முறை ஊரடங்கில்லை. வாக்கு கட்சிக்கு, அதன்பின் அக்கட்சியில் மூவர் வரை விருப்பு இலக்கம்.

15 நவம்பர், வெள்ளி

யாழ்ப்பாணத்தின் சொந்த வரலாறு இன்றுதான். அநுரவின் தேசிய மக்கள் சக்தி 80,830 வாக்குகளோடு முதலிடம். தென்னிலங்கைக் கட்சியொன்று இம்மாவட்டத்தில் முன்னே வருவது இதுவே முதல்முறை. செப்டம்பரில் 116,688 கண்ட அதே சங்கு, இப்போது வேறொரு கூட்டணியின் கையில், 22,513.

25 சதவீதத்துக்கும் குறைந்த வாக்குக்கு மாவட்டத்தின் ஆறில் மூன்று ஆசனம் எப்படி? முதல் ஆசனம் போனஸாக முதலிடத்துக்கு. 5 சதவீதம் எட்டாத கட்சிகளின் வாக்கைக் கழித்தால் மிச்சம் சுமார் 240,000. அதை ஐந்தால் பிரித்தால் ஓர் ஆசனத்தின் விலை ஏறக்குறைய 48,000. தேசிய மக்கள் சக்திக்கு ஒன்று, மீதி 32,800. தமிழரசுக் கட்சிக்கு (63,327) ஒன்று, மீதி 15,300தான். எஞ்சிய மூன்றும் பெரிய மீதிகளுக்கு: தேசிய மக்கள் சக்தி, தமிழ்க் காங்கிரஸ் (27,986), சுயேச்சைக் குழு 17 (27,855).

தமிழரசுக் கட்சிக்கு 63 ஆயிரத்துக்கும் ஒன்று, சுயேச்சைக்கு 28 ஆயிரத்துக்கும் ஒன்றா என்று தேத்தண்ணிக் கடையில் கேட்டால், இந்த 15,300ஐச் சொல்லலாம்.